கட்டைப்பையும் 14 இலக்கமும்: நோயாளியின் ஏட்டை யார் வாசிப்பது?

1

நோயாளி தன்னுடைய மருத்துவ ஏட்டைத் தானே செல்போனில் பார்த்துக்கொள்ளலாம், வேண்டிய டாக்டருக்குக் காட்டலாம், வேண்டாதவருக்கு மறுக்கலாம் என்று அரசு சொல்லத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டு, முதலில் 6 யூனியன் பிரதேசங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 2021 செப்டம்பர் 27 முதல் நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்கிற திட்டம் இது. ஆளுக்கு 14 இலக்கத்தில் ஓர் எண். 'ஆபா' என்று பெயர். ஏடு எந்த ஆஸ்பத்திரியில் உருவாகிறதோ அங்கேயே இருக்கும். எண் அவற்றைக் கோர்க்கும். நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் ஓர் ஆஸ்பத்திரியின் ஏடு இன்னொன்றுக்குப் போகாது. எண் வாங்குவது கட்டாயமும் இல்லை. திட்டத்தின் காகித வடிவம் இப்படித்தான் இருக்கிறது.

இதைப் பற்றி நம் வட்டாரங்களில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம். ஒன்று, நிர்வாகத்தின் குரலையே கொஞ்சம் நல்ல தமிழில் திருப்பிச் சொல்கிற பேச்சு: ஏழை நோயாளி இனி ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், ஸ்கேனை இரண்டு தடவை எடுக்க வேண்டாம், டாக்டரிடம் கைகட்டி நிற்க வேண்டாம். இரண்டாவது நம் தோழர்களின் பேச்சு: இது கண்காணிப்பு, உடம்பை எண்ணாக்கி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விற்பதற்கான ஏற்பாடு, ஆகவே நிராகரிக்க வேண்டும். முதல் பேச்சில் இருக்கிற பசப்பு வெளிப்படையானது. இரண்டாவது பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரு இடத்தில் ஒத்துப்போகின்றன. நோயாளி என்பவர் இதுவரை ஏடு எதுவும் இல்லாமல் சும்மா இருந்தவர், இப்போதுதான் முதன்முதலாக அவர் கையில் ஏடு வருகிறது (அல்லது அவர்மேல் ஏடு ஏவப்படுகிறது) என்று இரண்டு பேச்சுமே நினைத்துக்கொள்கின்றன.

இது உண்மையில்லை. மரக்காணம் உப்பளக் கரையில், எக்கியார்குப்பத்தில், ஜனங்கள் தங்கள் மருத்துவ ஏட்டை ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள், அதைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். அவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே அவர்களுடைய பயன்பாடு முட்டி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் புதிய ஏட்டைப் பற்றி உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

2

இந்தக் கரையில் மருத்துவ ஏடு என்பது ஒரு கட்டைப்பை. ஜவுளிக்கடையில் தீபாவளிக்குத் துணி எடுத்தபோது கொடுத்த பை. சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியிலோ பீரோவுக்கு மேலேயோ இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பிரித்துப் பார்த்தால் இந்த ஊர் ஜனங்கள் எத்தனை அதிகாரங்களின் வாசலில் நின்றிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மரக்காணம் அரசு ஆஸ்பத்திரியின் ஓ.பி. சீட்டு, திண்டிவனத்து ஸ்கேன், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லை தாண்டிப் போனால் காலாப்பட்டு பிம்ஸ் ரசீது, கோரிமேடு ஜிப்மர் அட்டை, சர்க்கரை நோட்டு, காப்பீட்டு அட்டையின் ஜெராக்ஸ், மகள் பிரசவத்துக்குப் போட்ட பிக்மி எண் எழுதிய தாள். மாநில அரசு, மத்திய அரசு, தனியார் என்று மூன்று அதிகாரமும் ஒரே பையில்.

புதுச்சேரி அந்த 6 யூனியன் பிரதேசங்களில் ஒன்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கனகசெட்டிகுளத்துப் பக்கம் எல்லை தாண்டினால் நோயாளி ஒரு சோதனைக் களத்துக்குள் நுழைகிறார். திரும்பி வந்தால் வேறொரு மாநிலத்தின் வேறு ஏடுகள். இவருக்கு இவை இரண்டும் ஒரே உடம்பின் சங்கதிதான். இரண்டு நிர்வாகங்களையும் இணைக்கிற வலைப்பின்னல் இத்தனை காலமும் இவருடைய தோளில் தொங்கிய பையாகத்தான் இருந்திருக்கிறது.

"இதுல இன்னா எழுதிருக்குன்னு எனக்குத் தெரியாது தம்பி. ஆனா இது இல்லாம போனா ஒருத்தனும் மதிக்க மாட்டான்" என்று குப்பத்தில் ஒரு அம்மா சொன்னார். பையின் அரசியல் முழுதும் இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. அவர் அதை வாசிப்பதில்லை, காட்டுகிறார். காட்டுவதும் ஒரு பயன்பாடுதான். எழுத்துக்கு முன்னால் எழுத்தை நீட்டினால்தான் ஆளை ஆளாக நடத்துவார்கள் என்பதை அவர் அனுபவத்தில் கண்டுகொண்டிருக்கிறார்.

காட்டுவதைப்போலவே காட்டாமலிருப்பதும் உண்டு. புது டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். "மொத டாக்டர் சொன்னதையே இவரும் பார்த்துச் சொல்லிடுவாரு, அதான்" என்பது காரணம். இன்றைக்கு இதற்கு 'செகண்ட் ஒப்பீனியன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காசநோய்ச் சீட்டு கல்யாணப் பேச்சு நடக்கும்போது பையிலிருந்து எடுக்கப்பட்டு வேறிடம் போகும். கருக்கலைப்புச் சீட்டு கிழிக்கப்படும். மறைப்பது, கிழிப்பது, தனியாக வைப்பது, தேர்ந்தெடுத்து நீட்டுவது என்று இந்தப் பைக்கு அதற்கேயான இலக்கணம் இருக்கிறது. படிக்காத ஜனங்களின் ஆவணக் காப்பகம் என்று இதைச் சொல்வதில் மிகை ஒன்றுமில்லை.

செல்போன் ஏட்டிலும் ஒப்புதல் கேட்பார்கள், மறுக்கலாம் என்பது சரிதான். ஆனால் செல்போன் யாருடையது? பல வீடுகளில் நம்பர் மகன் பெயரில் இருக்கிறது. ஓ.டி.பி. அவனுக்குத்தான் போகும். மனைவியின் ஏட்டுக்கு ஒப்புதல் கொடுப்பது புருஷனின் கட்டைவிரல். பையைப் பெண்கள் வைத்திருந்தார்கள்; எதை எங்கே ஒளிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். போன் ஆண்கள் கையில். பையிலிருந்து போனுக்குப் போகிற நகர்வில் வீட்டுக்குள்ளேயே ஒரு அதிகார மாற்றம் நடந்துவிடுகிறது. திட்ட ஆவணங்களில் வருகிற 'தனிநபர்' என்கிற சொல்லுக்குள் புருஷனும் மகனும் எப்படி ஒளிந்திருக்கிறார்கள் என்பதைப் பெண்ணிய நோக்கில் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

3

எக்கியார்குப்பம் என்கிற பெயர் வெளியுலகுக்குத் தெரியவந்தது சாவின் மூலம். 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து விழுப்புரம் மாவட்டத்தில் இந்தப் பக்கமும் செங்கல்பட்டு மாவட்டத்தில் சித்தாமூர்ப் பக்கமும் சேர்த்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முண்டியம்பாக்கத்துக்கும் பிம்ஸுக்கும் ஜிப்மருக்குமாக ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், சிகிச்சையில் இருப்பவருக்கு 50 ஆயிரம் என்று அரசு அறிவித்தது. இது சாராயமல்ல, தொழிற்சாலைக்கான மெத்தனால் என்று காவல்துறைத் தலைமை விளக்கம் கொடுத்தது.

இந்த நிகழ்வில் மருத்துவ ஏடு என்னவாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும். மெத்தனால் வயிற்றில் இறங்கிய உடனே ஆளைக் கொல்வதில்லை. ஈரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. விஷம் அந்த அமிலம்தான். இதற்கு அரை நாள், ஒரு நாள் ஆகும். கூடவே சாதாரணச் சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். ரத்தத்தில் அமிலம் ஏறி, பார்வை நரம்பு முதலில் அடிவாங்குகிறது. எத்தனால் அல்லது ஃபோமெபிசோல் என்கிற மாற்று மருந்து, டயாலிசிஸ், இவை நேரத்தோடு கிடைத்தால் ஆள் பிழைப்பார். பிழைத்தாலும் கண் போயிருக்கலாம். ஆக, எத்தனை மணிக்குக் குடித்தார், எத்தனை மணிக்குக் கண் மங்கியது, வந்து சேர்ந்தபோது ரத்தத்தில் அமிலம் எவ்வளவு, வீட்டுக்கு அனுப்பும்போது பார்வை எவ்வளவு என்கிற நாலு வரிதான் பிழைத்தவரின் மிச்ச வாழ்க்கையைத் தீர்மானிக்கும். ஆறு மாதம் கழித்து அவர் கடலுக்குப் போக முடியாமல், உப்பளத்தில் பலகை பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு மருத்துவக் குழு முன்னால் நின்றால், 'இது மே மாதம் வந்ததா, முன்னமே இருந்ததா' என்று கேட்பார்கள். பதில் அந்தச் சம்மரியில் இருக்க வேண்டும்.

அரசு அறிவிப்பில் இருந்தது இரண்டு வகைதான்: செத்தவர், சிகிச்சை பெற்றவர். உயிரோடு கண் போனவருக்கு அதில் தனியாக இடமில்லை. குடித்துவிட்டு பயத்தில் ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டில் படுத்துக் கிடந்தவர் ஒருவர் இருந்தால் அவர் எந்த வகையிலும் இல்லை. ஏடு இல்லாதவருக்கு நிகழ்வே நடக்கவில்லை. இன்னொரு பக்கம், 'சாராயம்' என்று எழுதுவதா 'மெத்தனால்' என்று எழுதுவதா என்பது மதுவிலக்குத் துறையின் மானப் பிரச்சினை. எந்தச் சொல் ஏட்டில் ஏறுகிறதோ அந்தச் சொல்லுக்கு ஏற்பக் குற்றவாளியும் மாறுகிறார்.

இது கற்பனையான பயமல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது, காரணம் சாராயம் இல்லை என்று மாவட்ட நிர்வாகத்தின் தலைமையிலிருந்தே சொல்லப்பட்டது. வலிப்பு, வயிற்றுப்போக்கு என்று வேறு காரணங்கள் வந்தன. பிணங்கள் பெருகப் பெருக அந்தச் சொற்கள் நிற்க முடியாமல் போயின. ஆட்சியர் மாற்றப்பட்டார். கடைசியில் 65க்கும் மேற்பட்டோர். நாலைந்து பேரோடு நின்றிருந்தால் அவர்கள் வயிற்றுப்போக்கில் செத்தவர்களாகவே ஏட்டில் நிலைத்திருக்கக்கூடும் அல்லவா? சாவின் காரணத்தை எழுதுகிற அந்த ஒற்றை வரிக்கு முன்னால் நோயாளியின் குடும்பத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை. செல்போனில் அந்த வரியைப் பார்க்க முடியும் என்பதால் மட்டும் அதிகாரம் வந்துவிடாது. ஆனால் பார்க்க முடிந்தால், கேட்க முடியும்.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி உள்நோயாளியின் ஏட்டை மருத்துவர் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் இதற்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டுப் பழைய விதிகளே திரும்பின. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023 மே மாதத்து ஏடுகளுக்கு அந்த 3 ஆண்டு 2026 மே மாதத்தோடு முடிகிறது. வழக்கில் இருக்கிற ஏடுகளைக் கூடுதல் காலம் வைத்திருப்பார்கள்; அது போலீசுக்கும் கோர்ட்டுக்கும். கண் மங்கிய மனிதனுக்காக அதை வைத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை.

4

ஏட்டை யாருக்காக எழுதுகிறார்கள் என்கிற கேள்வியைப் பெண்கள் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். தமிழ்நாட்டில் கர்ப்பம் தரித்த பெண் ஒவ்வொருவருக்கும் பிக்மி எண் உண்டு. ஆபா வருவதற்கு ரொம்ப காலம் முன்பே இந்த மாநிலம் தன் பெண்களின் வயிற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டது. இந்த எண் இல்லாமல் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18 ஆயிரம் கிடையாது. பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழுக்கும் இதைக் கேட்கிறார்கள். பெண்ணே இணையதளத்தில் முன்பதிவும் செய்துகொள்ளலாம். குப்பத்துப் பெண்களுக்கு இந்த எண்ணின் மதிப்பு நன்றாகவே தெரியும். 'பணம் ஏறிச்சா' என்று கேட்க அது வேண்டும். அதற்குப் பின்னால் தன்னுடைய ரத்தத்தின் அளவும் சர்க்கரையும் பிரஷரும் வரிவரியாக ஏறியிருப்பதைத் தான் வாசிக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அந்த ஏடு நர்சம்மாவின் வேலையைச் சரிபார்க்கிற மேலதிகாரிக்காக எழுதப்படுகிறது. 'ஹைரிஸ்க்' என்று அதில் குறிக்கப்பட்ட பெண்ணுக்குத் தான் எதனால் ஹைரிஸ்க் என்பது தெரியாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இதே சிக்கல், கொஞ்சம் வேறு ரூபத்தில். சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண்கள் பிரஷர் பார்க்கிற மெஷினோடு வீடுவீடாகப் போகிறார்கள். பார்த்ததைச் செல்போனில் ஏற்றுகிறார்கள். மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உப்பளத்துக்கு விடியற்காலையில் போகிறவர்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மாத்திரைக்காக வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பது பெரிய விஷயம். கண்காணிப்பு என்கிற ஒற்றைச் சொல்லால் இதைத் துடைத்துப் போடுகிறவர்கள் அந்த வரிசையில் நின்றதில்லை என்றுதான் அர்த்தம். அதே சமயம் தகவல் சேகரிக்கிற பெண் அடுத்த தெருக்காரி. உழைப்புக்குச் சம்பளமாக இல்லாமல் ஊக்கத்தொகையாகச் சொற்பம் தரப்படுகிறது. ஊரின் உடம்பை ஊரைக்கொண்டே குறைந்த கூலிக்கு எழுதவைக்கிற ஏற்பாடு இது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனாலும் இந்தப் பெண்தான் ஊருக்கு இருக்கிற ஒரே வாசகி. "அக்கா, இந்த நூத்தி அறுபது இன்னா? மேல இருக்கிறதா, கீழ இருக்கிறதா?" என்று கேட்டால் பதில் சொல்கிற ஆள். ஏடு பேச்சாக மாறுவது இவர் வாயில்தான். ஏட்டைச் செல்போனில் கொடுத்துவிட்டால் நோயாளி வாசித்துக்கொள்வார் என்று கனவு காண்கிற நிர்வாகம், வாசித்துச் சொல்கிற இந்த வேலையை எந்தக் கணக்கிலும் ஏற்றுவதில்லை.

5

மொழிக்கு வருவோம். பொத்தான்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்துவிடலாம். உள்ளே இருக்கும் சம்மரி ஆங்கிலம், அதிலும் டாக்டர்களின் சுருக்கெழுத்து ஆங்கிலம். உப்பளத்தில் வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்துக் 'கண்ணு பூத்துப்போச்சு' என்று வருகிற பெண்ணின் சொல் ஏட்டில் 'பார்வை மங்கல்' என்பதன் ஆங்கிலமாக ஏறுகிறது. பூத்துப்போவதில் வெயில் இருக்கிறது, உப்பு இருக்கிறது, வேலை நேரம் இருக்கிறது. மங்கலில் ஒன்றும் இல்லை. மருத்துவப் பார்வை உடம்பை அதன் வாழ்விடத்திலிருந்து பிரித்து எடுத்தே அறிகிறது என்று ஃபூக்கோ 1963இல் வந்த தன் நூலில் பேசியதைப் புரிந்துகொள்ள நாம் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை. மரக்காணத்து ஓ.பி. சீட்டு போதும்.

'தமிழில் மருத்துவம் எழுத முடியாது' என்கிற சாக்கு இங்கே வரும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்கிற அமெரிக்க மிஷன் மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார்; உடற்கூறு, மகப்பேறு முதலிய பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். நோயாளியின் மொழியும் மருத்துவரின் மொழியும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு நம்மிடம் ஒன்றரை நூற்றாண்டுச் சாட்சி இருக்கிறது. இன்றைக்கு ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கேட்டால் நேரமில்லை என்கிறார்கள்.

இன்னொன்று, ஏட்டில் ஏறுகிற தீர்ப்புகள். 'குடிப்பழக்கம் உள்ளவர்', 'ஒத்துழைக்கவில்லை', 'சொன்னபடி மாத்திரை சாப்பிடுவதில்லை', 'மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறினார்'. இந்த வாசகங்கள் ஒரு ஏட்டிலிருந்து அடுத்த ஏட்டுக்குத் தொற்றிக்கொண்டே போகும். கூலி போய்விடுமே என்று மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவர் 'மீறி வெளியேறியவர்' ஆகிறார். மே 2023க்குப் பிறகு 'குடிப்பழக்கம்' என்கிற சொல் இந்த ஊர் ஆண்களின் ஏட்டில் என்ன வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். வயிற்றுவலி என்று போனாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பையாக இருந்தபோது அந்தச் சீட்டை விட்டுவிட்டுப் போகலாம். கோர்க்கப்பட்ட ஏட்டில் அந்தச் சொல் ஆளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

நோயாளி வாசிக்கத் தொடங்கினால் இந்தச் சொற்கள் மாறுமா? அமெரிக்காவில் 2010இல் பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் ஆகிய மூன்று இடங்களில் 100க்கு மேற்பட்ட மருத்துவர்கள் தங்கள் குறிப்புகளை நோயாளிகளுக்கு அப்படியே திறந்துவிட்டுப் பார்த்தார்கள். ஜனங்கள் பயந்துபோவார்கள், போன் பண்ணித் தொல்லை கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தது பெரிய அளவில் நடக்கவில்லை. முடிவில் கேட்டபோது பதில் சொன்ன நோயாளிகளில் 99 சதவீதம் பேர் இது தொடர வேண்டும் என்றார்கள். சில மருத்துவர்கள் தாங்கள் எழுதுகிற விதத்தை மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள். 2021 ஏப்ரல் முதல் அங்கே இது சட்டப்படியான கடமை. யார் வாசிப்பார்கள் என்பது தெரிந்தால் எழுதுகிற கை கொஞ்சம் யோசிக்கிறது. நமக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு செய்தி. மற்றபடி அந்த நாட்டு நோயாளிக்கு ஏட்டின் மொழி பெரும்பாலும் அவர் மொழி. அவர் போன் அவர் போன்.

தவறாக எழுதியதைத் திருத்தக் கேட்கிற உரிமை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. இந்த உரிமை போன்ற முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் என்று வைத்தார்கள். நடைமுறைக்கு வந்தாலும் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவார்கள். 'ஒத்துழைக்கவில்லை' என்பதை யார் திருத்துவது?

6

அந்தரங்கம் பற்றிய விவாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம். அதற்குப் பின் அப்படிப் பட்டியலில் ஏறிய பெண்கள் காப்பகங்களில் அடைத்துவைக்கப்பட்டார்கள். 1990இல் உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகே வெளியே வந்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாமலேயே ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் சிறையாக மாறிய கதை இது. 2023 ஜூனில் கோவின் தடுப்பூசிப் பதிவிலிருந்தவர்களின் விவரங்கள் டெலிகிராமில் கேட்ட மாத்திரத்தில் கிடைத்ததாகச் செய்தி வந்ததையும் மறந்துவிட முடியாது. ஆகவே தோழர்களின் சந்தேகம் தேவையானது.

என் மறுப்பு வேறு இடத்தில். கதவுள்ள அறை இருக்கிறவனின் அந்தரங்கத்தை அளவுகோலாக வைத்து நாம் பேசுகிறோம். குப்பத்தில் யாருக்கு என்ன நோய் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே ஆபத்து பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிவதால் வருவதில்லை. கடன் கொடுக்கிறவனுக்கும் காப்பீட்டுக்காரனுக்கும் போலீசுக்கும் தெரிவதால் வருகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு விஷயம் ஏட்டில் எங்குமே இல்லாமலிருப்பது. 1700இல் ராமசினி என்கிற இத்தாலிய மருத்துவர், நோயாளியிடம் கேட்கிற கேள்விகளோடு 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்பதையும் சேர்க்கச் சொன்னார். 300 வருடம் கழித்தும் நம் ஓ.பி. சீட்டில் அந்தக் கேள்வி இல்லை. பெயர், வயது, பாலினம், விலாசம். பாத்தியில் வெறுங்காலோடு நின்று வந்த புண்ணும், மூத்திரம் போக இடமில்லாமல் தண்ணீர் குடிக்காமலிருந்து வந்த நீர்க்கடுப்பும், வெப்பத்தில் தேய்கிற சிறுநீரகமும் தனித்தனி ஆளின் தனித்தனி வியாதியாகக் கிடக்கின்றன. தமிழ்நாட்டு உப்பளங்களில் வெப்பமும் சிறுநீரகமும் பற்றிச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் அதை ஆய்வாளர்கள் வந்து எடுக்க வேண்டியிருக்கிறது. தொழிலாளியின் பையில் அந்த அறிவு சேர்வதில்லை.

'என் ஏடு என் கையில்' என்கிற தனிமனிதச் சொல்லாடல் தடுப்பது இதைத்தான். ஒவ்வொருவரும் அவரவர் போனில் அவரவர் ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் உப்பளம் கண்ணுக்குத் தெரியாது. நாற்பது பையை ஒரு திண்ணையில் கொட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். இப்படிப் பார்த்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். 1984 டிசம்பர் விஷவாயுவுக்குப் பிறகு போபால் ஜனங்கள் நஷ்டஈட்டுக்காக மட்டும் போராடவில்லை; மருத்துவ ஏட்டுக்காகவும் போராடினார்கள். ஏடு இல்லாவிட்டால் வாயுவுக்கும் தங்கள் மூச்சிரைப்புக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வழக்கு நடத்தியவர்களில் போபாலின் பெண்கள் அமைப்பு முக்கியமானது. 2012 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் மருத்துவக் கையேடும் ஸ்மார்ட் கார்டும் தர வேண்டும், ஏடுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. 28 வருடம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் ஏடு என்பது அங்கே மேலேயிருந்து வந்த வரமாகவோ கண்காணிப்பாகவோ மட்டும் இருக்கவில்லை. கீழேயிருந்து கேட்டு வாங்கிய கோரிக்கையாகவும் இருந்தது.

மரக்காணம் கரைக்கு இதிலிருந்து என்ன வேலை வருகிறது என்று சொல்லி முடிக்கிறேன். மே 2023இல் சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரும், இறந்தவர் குடும்பம் ஒவ்வொன்றும் முழு ஏட்டின் நகலை எழுத்துமூலம் கேட்க வேண்டும். சம்மரி மட்டும் போதாது, ரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் சேர்த்து. கெடு தாண்டிவிட்டது என்று சொன்னாலும் கேட்க வேண்டும். இல்லை என்றால் இல்லை என்பதை எழுதித் தரச் சொல்ல வேண்டும். பிழைத்தவர்களின் கண்ணை இப்போது திரும்பவும் பரிசோதித்துப் பழைய ஏட்டோடு சேர்த்துவைக்க வேண்டும். ஓ.பி. சீட்டில் தொழில் என்ன என்று எழுதும்படி நோயாளியே சொல்ல வேண்டும்: 'சார், உப்பளம்னு எழுதுங்க.' டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு பக்கம் தமிழில் கேட்க வேண்டும். ஆபா எண் வாங்குவதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும். வாங்கினால் பெண்களுக்குத் தனி நம்பர் இருக்கட்டும். வீடுவீடாகப் போகிற பெண்களுக்குச் சம்பளம் கேட்கிற போராட்டத்தோடு, ஏட்டை வாசித்துச் சொல்வதும் அவர்களுடைய வேலைதான் என்று அங்கீகரிக்கச் சொல்கிற கோரிக்கையும் சேர வேண்டும். எது எப்படியானாலும் கட்டைப்பையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். சர்வர் படுத்துக்கொண்ட நாளில் டாக்டர் அதைத்தான் கேட்பார்.

வாசிக்கத் தெரிந்த நாம் இதில் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. போய்த் திண்ணையில் உட்கார்ந்து, பையைப் பிரித்து, அவர்கள் கேட்கிற வரியை அவர்கள் பாஷையில் வாசித்துச் சொல்லலாம். அப்புறம் அந்த வரி சரியா என்று அவர்களைக் கேட்கலாம்.